லாப நோக்குக் கல்லூரியில் நூலகர் வேலை: சேரலாமா?

புதிய_சாவி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எல்.ஐ.எஸ். என்ற நூலகவியல் முதுகலை முடித்திருக்கிறேன். மாணவர் விசாவில் இருக்கிறேன், படிப்புக்குப் பின் சில காலம் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. ஓடிக்கொண்டிருக்கிறது. பொது நூலகங்களில் கிடைப்பதெல்லாம் பகுதிநேர வேலை. பல்கலைக்கழகங்களோ முன் அனுபவம் கேட்கின்றன. இப்போது ஒரு லாப நோக்குக் கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. நர்சிங், மெடிக்கல் அசிஸ்டென்ட், கணினி நெட்வொர்க்கிங், குற்றவியல் நீதி, இவைதான் அங்கே உள்ள படிப்புகள். நூலகத்துக்கு ஒரே ஆள். பதவிப் பெயர் மட்டும் கம்பீரமாக இருக்கிறது: கற்றல் வள மையத்தின் மேலாளர்.

என் பேராசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்து, "அந்தப் பக்கம் போகாதே" என்றார். காரணம் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டார். அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விவரம் சொல்லுங்கள்.

கல்மண்டபம்

நம் ஊர் சுயநிதிக் கல்லூரி மாதிரிதானே? இதில் என்ன புதுசு?

அலமாரி

இல்லை, கல்மண்டபம். நம் ஊரில் நடைமுறை எப்படி இருந்தாலும், ஏட்டளவில் கல்லூரியை அறக்கட்டளை, சங்கம் போன்ற லாபம் கருதாத அமைப்புதான் நடத்த வேண்டும். இங்கே இவை வெளிப்படையாகவே கம்பெனிகள். சிலவற்றின் பங்குகள் சந்தையிலேயே விற்கின்றன. ஒளிவு மறைவு ஏதும் இல்லை.

புதிய_சாவி, அப்படியொரு இடத்தில் சில வருடம் தனி நூலகராக இருந்துவிட்டு இப்போது அரசு நடத்தும் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் இருக்கிறேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லூரிக்கு எதற்கு நூலகர்? அங்கீகார அமைப்பு கேட்கிறது, அதனால்தான். அங்கீகாரம் போனால் மத்திய அரசின் கல்விக்கடனும் பெல் உதவித்தொகையும் நின்றுவிடும். அவை நின்றால் பெரும்பாலான கேம்பஸ்கள் ஒரு பருவம்கூடத் தாங்காது. வருமானத்தில் குறைந்தது 10 சதவீதமாவது மத்திய அரசு அல்லாத வழியில் வர வேண்டும் என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டிய நிலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் முன்னாள் ராணுவத்தினருக்கான ஜி.ஐ. பில் கல்வி உதவிப் பணம் வெகுகாலம் அந்த 10 சதவீதத்தின் பக்கமே எண்ணப்பட்டது. அதனால் சிப்பாய்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். 2021ல் சட்டத்தைத் திருத்தி, 2023ல் தொடங்கும் நிதியாண்டு முதல் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

ஆக, உங்கள் சம்பளம் அவர்கள் கணக்கில் ஒரு விதியை நிறைவேற்றும் செலவு. கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பிடியும் அதில்தான் இருக்கிறது. ஆய்வுக்குழு வரும் வருடத்தில் நூலகர் என்ன கேட்டாலும் கிடைக்கும். மற்ற வருடங்களில் ஒரு ஸ்டேப்லருக்கும் மூன்று கையெழுத்து வேண்டும். அதனால் தேவைப் பட்டியலைத் தயாராக வைத்திருந்து, ஆய்வுக்கு ஆறு மாதம் முன்பு எடுத்து நீட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் பழசான நர்சிங் நூல்களைக் கழிப்பது, நர்சிங் கட்டுரைகளுக்கான சினால் டேட்டாபேஸ் வாங்குவது, எல்லாம் எனக்கு அந்தச் சமயத்தில்தான் கைகூடின.

நான் இருந்த கேம்பஸ் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஒரு தளம். நூலகம் என்பது ஓர் அறை. சுவரோரம் நான்கைந்து அலமாரி, நடுவில் கணினிகள், மூலையில் பிரிண்டர். பிரிண்டர் நின்றால் கல்லூரியே நின்ற மாதிரி. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு பாஸ்வேர்டு மறந்திருக்கும், மீதிப்பேருக்கு பயோடேட்டா அச்சடிக்க வேண்டும். இதற்கு நடுவே இரவு வேலை முடித்து யூனிஃபார்மோடு அப்படியே வந்து உட்காரும் ஒரு அம்மா, "ஏ.பி.ஏ. மேற்கோள் என்றால் என்ன?" என்று கேட்பார். அவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், அடுத்த வாரம் தன் வகுப்பில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்த வேலை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

பிடிக்காததும் உண்டு. சேர்க்கைப் பிரிவுக்காரர்கள் புது ஆட்களைச் சுற்றிக் காட்ட அழைத்துவருவார்கள். வாசலில் நின்றபடி, "எங்கள் நூலகத்தில் லட்சத்துக்கு மேல் நூல்கள்" என்பார்கள். எதிரே நிற்பவர் அலமாரியைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். மின்நூல் சந்தா எண்ணிக்கைதான் அந்த லட்சம். பொய் என்றும் சொல்ல முடியாது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

வேம்பு

அலமாரி அக்கா இதமாகச் சொல்கிறார். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க செனட்டில் டாம் ஹார்க்கின் தலைமையிலான குழு 30 லாப நோக்குக் கல்லூரிக் கம்பெனிகளை ஆராய்ந்து 2012ல் அறிக்கை வெளியிட்டது. 2009 நிதியாண்டில் அந்தக் கம்பெனிகள் வருமானத்தில் 22.7 சதவீதத்தை விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் செலவிட்டன. கற்பித்தலுக்குப் போனது 17.2 சதவீதம். லாபம் 19.4. 2010ல் அவர்களிடம் ஆள்சேர்ப்பவர்கள் 35,202 பேர், வேலை தேடித்தரும் பிரிவில் 3,512 பேர். பத்துப் பேர் உள்ளே இழுக்க, ஒருவர் வெளியே கைகாட்ட.

இந்த வகையைச் சேர்ந்த கொரிந்தியன் கல்லூரிகள் 2015 ஏப்ரலில் மிச்சமிருந்த கேம்பஸ்களை ஒரே நாளில் மூடின. ஐ.டி.டி. டெக் 2016 செப்டம்பரில் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட கேம்பஸ்களை மூடியது. 2022ல் மத்தியக் கல்வித்துறை கொரிந்தியனில் படித்த 5,60,000 பேரின் கடன் 580 கோடி டாலரையும், ஐ.டி.டி.யில் படித்த 2,08,000 பேரின் கடன் 390 கோடி டாலரையும் தள்ளுபடி செய்தது. எவ்வளவு பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இப்படிப்பட்ட இடத்தில் நூலகம் என்பது கடை வாசலில் கட்டிய தோரணம். அதைக் கட்டிக்கொடுக்கவா எம்.எல்.ஐ.எஸ். படித்தீர்கள்?

இரவுவகுப்பு

வேம்பு, புள்ளிவிவரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. முடிவோடுதான் சண்டை.

அப்படியொரு கல்லூரியில் நெட்வொர்க்கிங் பாடம் எடுத்தேன், மாலை ஆறு மணிக்கு மேல். என் வகுப்பில் இருந்தவர்கள் யாரும் ஏமாளிகள் இல்லை. சமுதாயக் கல்லூரியில் நர்சிங்குக்குக் காத்திருப்புப் பட்டியல், நெட்வொர்க்கிங் வகுப்பு பகலில். வேலை, பிள்ளைகள், பஸ் எல்லாம் பார்த்தால் இங்கேதான் நேரம் ஒத்துவந்தது. கட்டணம் அதிகம் என்று தெரிந்துதான் சேர்ந்தார்கள். எவ்வளவு அதிகம் என்பது பலருக்குத் தெரியாது, அது வேறு கதை.

எங்கள் நூலகர் என்ன செய்தார் தெரியுமா? சான்றிதழ்த் தேர்வுக்கான பயிற்சி நூல்களைப் பொது நூலகத்தின் மின்நூல் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம் என்று கண்டுபிடித்து, வகுப்புக்கு வந்து ஒவ்வொருவருக்கும் நூலக அட்டை விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்தார். கல்லூரிப் பணம் ஒரு காசு செலவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த மாணவர்கள் கடன் மேல் கடன் வாங்கிப் புத்தகம் வாங்கியிருப்பார்கள். நல்லவர்கள் யாரும் அங்கே போகக் கூடாது என்றால் அந்த மாணவர்களை யாரிடம் விடுவது?

வேம்பு

நல்லவர் ஒருவர் இருப்பதாலேயே அந்தக் கடைக்கு நல்ல பெயர் கிடைக்கிறது என்பதுதான் என் வாதம். சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

மறுபதிப்பு

அறம் பற்றிப் பெரியவர்கள் பேசட்டும். எந்த வேலை விளம்பரத்திலும் வராத ஒரு விஷயம் சொல்கிறேன்: பதிப்புரிமை.

நூலகவியல் படிப்பில் நாம் படித்த பதிப்புரிமை விலக்குகளில் பல லாபம் கருதாத நிறுவனங்களுக்கு மட்டுமே உரியவை. வகுப்பறையில் டி.வி.டி. போட்டுக் காட்டுகிறோமே, அதற்கு இடம் தருவது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 110(1). அதில் 'லாபம் கருதாத கல்வி நிறுவனம்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இணையவழி வகுப்புக்கான 2002ம் ஆண்டு டீச் சட்டமும் அப்படித்தான்: அரசு அமைப்பு, அல்லது அங்கீகாரம் பெற்ற லாபம் கருதாத நிறுவனம். 1976ல் வகுப்புக்குப் பிரதி எடுப்பது பற்றி ஒப்புக்கொண்ட வழிகாட்டு நெறிகளும் உங்களுக்குப் பொருந்தாது.

அனுமதி வாங்காமலே ஓரளவு பயன்படுத்த இடம் தரும் 'நியாயமான பயன்பாடு' என்கிற பிரிவு 107 மட்டும் எல்லோருக்கும் பொது. அதிலும் முதல் அளவுகோலே பயன்பாடு வணிக நோக்கிலா, லாபம் கருதாத கல்வி நோக்கிலா என்பதுதான். கின்கோஸ் பிரதிக்கடை 1991ல் நீதிமன்றத்தில் தோற்றதை எல்லோரும் படித்திருப்போம். அந்தக் கடை அனுமதியின்றிப் பிரதி எடுத்துத் தயாரித்ததும் மாணவர்களுக்கான பாடத்தொகுப்புதான்.

இன்னொன்று. நியாயமான பயன்பாடு என்று நம்பி, அந்த நம்பிக்கைக்குத் தக்க காரணமும் இருந்து, தவறிப்போன ஊழியருக்குச் சட்டப்படியான இழப்பீட்டை ரத்து செய்யும் சலுகை 504(c)(2)ல் இருக்கிறது. அதுவும் லாபம் கருதாத இடங்களுக்கே. நீதிமன்றம் விதிக்கும் தொகை சாதாரணமாக ஒரு படைப்புக்கு 750 டாலரில் தொடங்கி 30,000 வரை போகும். வேண்டுமென்றே மீறினால் 1,50,000 வரை.

ஆசிரியர் ஒருவர் "இந்தப் படத்தை வகுப்பில் போடுங்கள்" என்று கையில் டிஸ்க்கோடு வந்து நிற்பார். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சரி என்பது உங்களுக்குச் சரி இல்லை என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். திரையிடும் உரிமையோடு வரும் வீடியோ தொகுப்பு ஒன்றுக்குச் சந்தா கேளுங்கள்.

அலமாரி

மறுபதிப்பு சொல்வது பொன்னான விஷயம். இதை எனக்குச் சட்டம் தெரிந்த யாரும் சொல்லவில்லை, டேட்டாபேஸ் விற்பனையாளர் ஒருவர் உரிமப் படிவத்தைப் பார்த்து, "உங்கள் கல்லூரி எந்த வகை?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. சில விற்பனையாளர்கள் லாப நோக்குக் கல்லூரி என்றாலே வேறு விலை சொல்வார்கள். தனியாகப் பேரம் பேசாமல், டேட்டாபேஸ்களைச் சேர்ந்து வாங்கும் லிர்ன் மாதிரியான நூலகக் கூட்டமைப்பில் உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று முதலில் பாருங்கள்.

தவணை

விசாவில் இருப்பவருக்குப் பொருந்தாது, ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக. எம்.எல்.ஐ.எஸ். படிக்க மத்தியக் கல்விக்கடன் வாங்கியவர்கள் கவனியுங்கள். பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில் 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. ஆனால் வேலை தருபவர் அரசாகவோ லாபம் கருதாத அமைப்பாகவோ இருக்க வேண்டும். லாப நோக்குக் கல்லூரியில் கட்டும் தவணை கணக்கில் சேராது. ஏற்கெனவே தகுதியான இடத்தில் இருந்து கட்டியவை அழியாது, 120ம் தொடர்ச்சியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் அங்கே இருக்கும் வருடங்கள் வீண்தான்.

கல்லூரி தன்னை எப்படி விளம்பரப்படுத்திக்கொண்டாலும் நம்பாதீர்கள். சில கல்லூரிகள் வகை மாறியிருக்கின்றன. லாப நோக்கில் இருந்த கேப்லன் பல்கலைக்கழகம் 2018ல் அரசுப் பல்கலைக்கழகமான பர்டியூவின் கைக்குப் போய் பர்டியூ குளோபல் ஆனது எல்லோருக்கும் தெரியும். மத்திய மாணவர் உதவித் தளத்தில் வேலையிடத்தைத் தேடும் வசதி இருக்கிறது. வருடாந்தரச் சம்பள விவரமான டபிள்யூ-2 படிவத்தில் இருக்கும் ஈ.ஐ.என். என்ற வேலை தருபவரின் அடையாள எண்ணைப் போட்டால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

ஓய்வூதியச் சேமிப்பும் லாபம் கருதாத இடங்களில் தரும் 403பி ஆக இருக்காது, கம்பெனிகள் தரும் 401கே ஆகத்தான் இருக்கும். அதில் பெரிய நஷ்டம் இல்லை. கம்பெனி தன் பங்காக எவ்வளவு போடுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

புதிய_சாவி

எல்லோருக்கும் நன்றி. பாதி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. கடன் பிரச்சினை எனக்கு இல்லை, விசாதான் கவலை. பல்கலைக்கழக வேலை என்றால் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது என்று தோழி சொன்னாள். இதுவும் கல்லூரிதானே?

தவணை

இல்லை! நல்லவேளை கேட்டீர்கள். கல்லூரிகளைப் பொறுத்தவரை குலுக்கலிலிருந்து விலக்கு லாபம் கருதாத உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அவற்றோடு இணைந்த அமைப்புகளுக்கும்தான், அரசுக் கல்லூரிகளும் அதில் அடங்கும். லாப நோக்குக் கல்லூரி மற்ற எந்தக் கம்பெனியும் போலக் குலுக்கலில்தான் நிற்க வேண்டும்: 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. உங்கள் பட்டம் மாநிலப் பல்கலைக்கழகத்துடையது என்பதால் அந்த 20,000த்துக்குத் தகுதி உண்டு. லாப நோக்குக் கல்லூரியில் முதுகலை படித்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

கம்பெனி ஸ்பான்சர் செய்யுமா என்பதை மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள்.

அலமாரி

நேர்காணலுக்குப் போகுமுன் கொஞ்சம் வீட்டுப்பாடம். கல்வித்துறையின் கல்லூரிப் புள்ளிவிவரத் தளமான ஐபெட்ஸில் பட்டம் தரும் கல்லூரிகளின் நூலகச் செலவைத் தேடிப் பார்க்கலாம். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் அதன் வருடாந்தர 10-கே அறிக்கையைப் படியுங்கள். அங்கீகாரச் சிக்கல், வழக்குகள், நான் முன்பு சொன்ன 10 சதவீத விதியில் எங்கே நிற்கிறார்கள், எல்லாவற்றையும் முதலீட்டாளர்களுக்கு ஒளிக்காமல் எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. மாணவர்களுக்குச் சொல்லாததெல்லாம் அதில் இருக்கும்! மத்திய உதவிப் பணத்தைக் கொடுப்பதில் கல்வித்துறை கூடுதல் கண்காணிப்பில் வைத்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலும் பொதுவில் கிடைக்கிறது. அதில் கல்லூரியின் பெயர் இருந்தால், எதனால் என்று கேளுங்கள். சில நேரம் காரணம் வெறும் தாமதமான தணிக்கை அறிக்கையாக இருக்கும்.

அங்கீகாரம் தந்த அமைப்பு எது என்றும் பாருங்கள். ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற அமைப்புக்கே 2016ல் மத்திய அரசின் ஏற்பு போனது, 2018ல் திரும்பி வந்தது, 2022ல் மறுபடி போனது. அதை நம்பியிருந்த கல்லூரிகள் புதிய அமைப்பைத் தேடி ஓடின. அந்த ஓட்டத்தில் நூலகரின் மேசையில் எத்தனை கோப்பு குவிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரவுவகுப்பு

அக்கா, மாணவர்கள் வந்து "இந்த கிரெடிட் வேறு கல்லூரியில் செல்லுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? என்னிடம் ஓயாமல் கேட்பார்கள். நிர்வாகமோ "சேர்க்கைப் பிரிவுக்கு அனுப்பு" என்று சொல்லும்.

அலமாரி

நூலகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தகவல் கேட்டால் தகவல் தருவதுதான் நம் வேலை. "செல்லும்", "செல்லாது" இரண்டையும் நான் சொன்னதில்லை. எந்தக் கல்லூரிக்கு மாற நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். அந்தக் கல்லூரியின் கிரெடிட் மாற்றக் கொள்கைப் பக்கத்தை அவர்கள் எதிரிலேயே திறந்து, பதிவாளர் அலுவலக எண்ணை எழுதிக்கொடுப்பேன். வட்டார அங்கீகாரம், தேசிய அங்கீகாரம் என்ற பிரிவை 2020 ஜூலையில் கல்வித்துறை எடுத்துவிட்டாலும், ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரி விருப்பம். பல இடங்களில் இன்னும் வட்டார அங்கீகாரமே உயர்ந்தது என்ற பழைய கண்ணோடுதான் பார்க்கிறார்கள். ஒரு பையன் என் மேசையிலிருந்தே போன் போட்டான். பேசி முடித்ததும் ஒன்றும் சொல்லவில்லை, எண் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அந்தப் பருவத்தோடு நின்றுவிட்டான் என்று பின்னால் தெரிந்தது.

கேம்பஸ் இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "கேட்ட பக்கத்தைத் திறந்து காட்டினேன்" என்றேன். அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வேம்பு

இதைப் படித்தபின் என் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். கொஞ்சம்தான்.

மறுபதிப்பு

வேலையைவிட்டு வெளியே வரும்போது அந்த அனுபவத்தை மதித்தார்களா, அக்கா? நூலகர் வட்டாரத்தில் ஒரு இளக்காரம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அலமாரி

உண்டு. ஒரு நேர்காணலில், "அங்கே நிஜமாகவே நூலகம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். ஆனால் பெரிய பல்கலைக்கழகத்தில் கேட்லாக் போடுகிறவர் கேட்லாக்கோடு நின்றுவிடுவார். தனி நூலகர் நூல் வாங்குகிறார், பட்ஜெட் போடுகிறார், உரிமம் பேசுகிறார், வகுப்பு எடுக்கிறார், அங்கீகார அறிக்கையில் நூலகப் பகுதியையும் எழுதுகிறார். சமுதாயக் கல்லூரியில் என்னை எடுத்ததே அந்த அறிக்கை எழுதிய அனுபவத்துக்காகத்தான். நிரந்தரப் பணிப் பாதுகாப்பு, ஆசிரியர் அந்தஸ்து, கோடை விடுமுறை எதையும் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

புதிய_சாவி

நேர்காணல் முடிந்தது. சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்டேன். போன வருடம் நூலகத்துக்கு எவ்வளவு செலவு என்றதற்குத் தொகை சொல்லாமல், "தேவையான அளவு" என்றார்கள். நூலகர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். கல்விப்புல முதல்வருக்காம், சேர்க்கைப் பிரிவுக்கு இல்லையாம். அடுத்த அங்கீகார ஆய்வு வரும் வருடம். எச்-1பி பற்றி மனிதவளப் பிரிவு "இதுவரை செய்ததில்லை, பரிசீலிக்கலாம்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பாடநூல் வினியோகம், தேர்வு மேற்பார்வை, பிரிண்டர், எல்லாம் நூலகர் தலையில்தான்.

ஓ.பி.டி. முடியும்வரை சேர்ந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கூடவே விலக்கு உள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருப்பேன். முந்தைய நூலகர் ஏன் போனார் என்று கேட்டேன், "வேறு வாய்ப்பு" என்றார்கள்.

தவணை

"பரிசீலிக்கலாம்" என்றால் இல்லை என்றே எடுத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

அலமாரி

ஆய்வு அடுத்த வருடம் என்றால் நல்ல நேரத்தில்தான் போகிறீர்கள். சேர்ந்த முதல் வாரமே போன ஆய்வின் அறிக்கையை வாங்கிப் படியுங்கள். நூலகம் பற்றிக் குறை ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் உங்கள் பட்ஜெட் கோரிக்கையின் முதல் பக்கம். பாடநூல் வினியோகத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பருவம் தொடங்கும் வாரத்துக்கு ஒரு உதவியாள் வேண்டும் என்று பணி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். மத்திய வேலை-படிப்புத் திட்டத்தில் கல்லூரி இருந்தால் ஒரு மாணவரைக் கேட்கலாம்.

முந்தைய நூலகர் யார் என்று தெரிந்தால் ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

புதிய_சாவி

தெரியும் அக்கா. என் நூலகவியல் துறையின் முன்னாள் மாணவர்கள் பட்டியலிலேயே இருக்கிறார். மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், பதில் வந்ததும் எழுதுகிறேன்.